ஞானப்பூ அம்மாள் வாசிக்க மறுத்த வரி

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் இளம் சபை ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பழைய ஆள் ஒருவன் வந்து பத்து நிமிடம் பேசினால் நன்றாயிருக்கும் என்று யாருக்கோ தோன்றி, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்து நிமிடத்தில் பேச்சை முடித்த உபதேசியாரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. நானும் முடிக்கவில்லை. சாப்பாட்டு மணியை அடித்துத்தான் என்னை இறக்கினார்கள்.

இன்றைக்குச் சபை ஊழியர் என்று சொல்கிறார்களே, எங்கள் காலத்தில் அவருக்கு உபதேசியார் என்று பெயர். குருவானவர் ஏழெட்டு ஊர்களுக்குப் பொதுவானவர், மாதத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் ஊரோடு கிடந்து, கோயில் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, பிரசங்கம் செய்வது, சண்டை விலக்குவது எல்லாம் உபதேசியார் வேலை. முப்பத்தைந்து வருடம் அந்த வேலை பார்த்தேன். மணி அடிப்பதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் தன் செல்போனை நீட்டினாள். திடப்படுத்தல் வகுப்புக்கான புதிய கேள்வித்தாள் அது. அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தில் பங்கெடுப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைத்தான் அப்படிச் சொல்வோம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள், சரியான விடைக்கு நேரே ஒரு ‘டிக்’. பாவம் என்றால் என்ன என்பதற்கும் நான்கு விடைகள் போட்டிருந்தார்கள். நான் இரண்டாவதைத் தொட்டேன். தவறு என்று சிவப்பாகக் காட்டியது. முப்பத்தைந்து வருட ஊழியம் சாம்பார் ஊற்றுவதற்குள் முடிந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

“பதில் தெரியாத கேள்விய யாராவது கேட்டா நீங்க என்னய்யா செய்வீய?”

“கேட்டவங்களை உக்காரச் சொல்லிருவேம்மா,” என்றேன்.

அவள் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அது வேடிக்கை இல்லை. பல வருடம் நான் அதைத்தான் செய்தேன். அந்தப் பழக்கம் எப்படி முறிந்தது என்பதை எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

உபதேசியாராவதற்கு நான் பெற்ற பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம். பாட்டுகளை ராகத்தோடு பாடவும், வினாவிடையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கவும், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொண்டேன். எந்த வீட்டில் நுழைந்தாலும் எந்த ஆளைக் கண்டாலும் முகம் மலர்ந்து சிரிக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் வற்புறுத்துவார். எனக்கு அது நன்றாக வந்தது. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் தனித்தனிச் சிரிப்பு வைத்திருந்தேன்.

முதலில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் போட்டார்கள். அங்கே ஒரு ஞாயிறு, சொத்தைப் பிரித்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகன் கதையைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். அப்பா அவனைக் கட்டிக்கொள்கிறார், கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். அந்த இடம் வந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஒரு பண்ணையில் மாடு பார்த்தவர்.

“உபதேசியாரே, ஒரு சந்தேகம். சின்னவன் ஊதாரியாப் போனான், அப்பன் மன்னிச்சான், சரி. பெரியவன் கோவிச்சான், அதுவும் சரி. அந்தக் கன்னுக்குட்டி என்னவே தப்பு செஞ்சது?”

கோயில் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து, “அது உவமை அண்ணாச்சி, உக்காருங்க,” என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். தான் வளர்த்ததை எல்லாம் அடுத்தவர் வீட்டு விருந்துக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டே பழகிய மனிதர் அவர். நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இந்தக் கதையைப் பல வருடம் கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் தேவாசீர்வாதம் ஐயர்.

எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள், நாங்கள் குழம்ப மாட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அவர் மாறுதலாகி வந்தார். அதற்குள் நான் விக்கிரமசிங்கபுரத்துக்கு மூன்று மைல் கிழக்கே, ஆற்றுக்கால்வாயை ஒட்டிய கிருபாபுரத்துக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒல்லியான மனிதர். பஸ்ஸில்தான் வருவார். ஒரு கையில் குடை, ஒரு கையில் கறுப்புப் பை. பைக்குள் ஒரு சின்ன அலுமினிய டப்பா. டப்பாவுக்குள் பனங்கற்கண்டு.

அந்தப் பனங்கற்கண்டுக்கு எங்கள் வட்டாரத்து உபதேசியார்கள் அத்தனை பேரும் பயப்படுவோம். யாராவது ஒரு கேள்வியோ புகாரோ கொண்டுவந்தால், ஐயர் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அது கரைந்து முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். சின்ன விஷயத்துக்குப் பொடித்துண்டு. பெரிய விஷயத்துக்குப் பெரிய துண்டு. அவர் விரல் டப்பாவுக்குள் துழாவுவதைப் பார்த்தே, நாம் கொண்டுவந்த விவகாரத்தின் கனம் தெரிந்துவிடும்.

கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னபோது நடுத்தரத் துண்டாக எடுத்தார். கரைந்தது.

“நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியலை,” என்றார். “ஆனா நீர் ஏன் அவரை உக்காரச் சொன்னீர்?”

நான் என் சிரிப்பைச் சிரித்துச் சமாளித்தேன்.

நடைமுறையில் அவர் மகா கண்டிப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. முந்தின நாள் மாலையே பங்கெடுக்கிறவர்கள் என்னிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும். நான் பட்டியல் எழுதி வைப்பேன். ஐயர் காலையில் வந்ததும் கை கழுவிவிட்டு முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். போன மாதப் பட்டியலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பெயருக்கு நேரே விரலை வைப்பார். “ஏன் வரலை?” “தெரியலை ஐயா.” “தெரிஞ்சுக்கிட்டு வாரும்.” திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியில் மடிப்பு நேராக இருக்க வேண்டும். அப்பத்தை அவரே துண்டு போடுவார், கத்தியை யாரிடமும் தரமாட்டார்.

பிரசங்கம் முடிந்ததும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டின்போது, திருவிருந்தில் சேராதவர்கள் வெளியே போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைகள், திடப்படுத்தல் பெறாதவர்கள், சபை நீக்கத்தில் இருப்பவர்கள். இவர்களுக்காகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து அனுப்பிவைப்பேன்.

பிள்ளைகளின் கூட்டத்தோடு மாதாமாதம் அந்தக் கதவு வழியாக ஐம்பத்தேழு வயது அம்மாள் ஒருவரும் போவார். அவர்தான் ஞானப்பூ.

அவர் பிறந்தது கிருபாபுரத்தில். இருபத்தோரு வயதில், விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த சுடலைமுத்து என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பெயரே சொல்லும், அவர் கிறிஸ்தவர் இல்லை. தாலி கட்டியது சுடலைமாடன் கோயிலில். அடுத்த ஞாயிறே சபையில் நீக்கம் வாசித்தார்கள். மற்றவர்களாயிருந்தால் அதோடு கோயில் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். இவர் மறு ஞாயிறே வந்துவிட்டார். புருஷன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். முப்பத்தாறு வருடமாக வருகிறார். சுடலைமுத்து உள்ளே வரமாட்டார். எதிரே பூவரசு நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பேப்பரை விரித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். திருவிருந்து ஞாயிறு என்றால் அம்மாள் பாதியிலேயே வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே பாடுகிற பாட்டை வெளியே இருந்து கூடவே பாடுவார். எங்கள் பாடகர் குழுவைவிட நன்றாகப் பாடுவார், அது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களுக்கு முன்னால், நீக்கத்தில் இருப்பவர்கள் விரும்பினால் விண்ணப்பம் கொடுத்துத் திரும்பச் சேரலாம் என்று ஐயர் அறிவித்தார். மறுநாளே ஞானப்பூ அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். சுடலைமுத்து சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

“உபதேசியாரே, என் பேரை எழுதிக்கிடுங்க. சாவுததுக்குள்ள ஒரு தரமாவது அந்தப் பந்தியில முழங்கால் போடணும். முப்பத்தாறு வருசமா வாசனை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதே விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். அதன் கடைசியில் உபதேசியாரின் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எல்லாரும் எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு. ‘விசாரித்ததில் இவரிடம் உண்மையான மனந்திரும்புதல் காணப்படுகிறது.’ எனக்கு முன் இருந்தவரும் அதைத்தான் எழுதினார். அவருக்கு முன் இருந்தவரும் அதைத்தான் எழுதினார். நானும் பேனாவைத் தொட்டதும் அதுவே வந்துவிட்டது. விசாரித்தேனா? இல்லை. காபி குடிக்கிறீர்களா என்று மட்டும்தான் விசாரித்தேன். படிவத்தை ஐயருக்கு அனுப்பிவைத்தேன்.

அடுத்து, சபை முன்னால் நின்று வாசிக்க வேண்டிய அறிக்கை. அதுவும் அச்சடித்ததுபோல் தயாராக இருக்கும் வாசகம்தான். அழகான கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனேன். அம்மாள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நானே வாசித்துக்காட்டினேன். ‘நான் புறமதத்தாரை மணந்து தேவனுக்கும் திருச்சபைக்கும் விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்று உணர்ந்து, அதற்காக மனம் வருந்துகிறேன்.’

அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“இன்னொரு தரம் வாசிங்க.”

வாசித்தேன்.

“நான் வருந்தலையே.”

“இல்லம்மா, இது ஒரு முறை. எல்லாரும் வாசிக்கிறதுதான்.”

“எல்லாரும் வருந்தியிருப்பாவ, வாசிச்சிருப்பாவ. நான் வருந்தலை. இந்த மனுசன் ஒரு நாள் என்னைய ஏன் கோயிலுக்குப் போறன்னு கேட்டதில்ல. மழைன்னாலும் கொண்டுவந்து விட்டாவ. நான் கெட்டிக்காரி, நல்ல எடத்துலதான் விழுந்திருக்கேன். அதுக்குப் போயி வருந்துதேன்னு நான் யார்ட்ட சொல்லணும்? கடவுள்ட்டயா? அவருக்கு உண்மை தெரியாதா?”

“ஒரு வரிதானம்மா. வேகமா வாசிச்சிட்டு வந்திரலாம்.”

“உபதேசியாரே, பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக்கொடுக்கிய. அந்தப் பந்தியில சேரணும்னா வாசல்லயே ஒரு பொய் சொல்லணுமா? இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.”

உட்காரச் சொல்ல முடியாது. அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

ஐயரிடம் போய்ச் சொல்வதைத் தவிர வழியில்லை. சொன்னேன். அவர் கறுப்புப் பையிலிருந்து நான் அனுப்பிய படிவத்தை எடுத்தார்.

“உண்மையான மனந்திரும்புதல்னு நீர் எழுதியிருக்கீரே?”

இந்த இடத்தில் நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. “அப்போ அப்படித்தான் சொன்னாங்க ஐயா. இப்போ மனசு மாறிட்டாங்க,” என்றேன். விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அவ்வளவுதான். என் வெட்கத்தை மறைக்க, பொய் சொல்ல மாட்டேன் என்று மறுத்த பெண்ணை ஒரே நிமிடத்தில் வாக்கு மாறியவளாக்கிவிட்டேன். இது அவருக்கு எதிராகப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் சம்மதித்து அப்புறம் பின்வாங்கினவர்களின் விண்ணப்பத்தை அப்படியே மூடிவிடுவதுதான் வழக்கம்.

ஐயர் பொடித்துண்டு ஒன்றை வாயில் போட்டார். “வாரும், அவங்க வீட்டுக்குப் போவோம்,” என்றார்.

போனபோது சுடலைமுத்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வரவேற்றார். மில்லிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம். “வாருங்க ஐயரே. வாரும்வே உபதேசியாரே,” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது. ஐயர் அம்மாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“முதல்ல நீங்க சம்மதிச்சீங்களாமே. அப்புறம் ஏன் மனசு மாறிச்சு?”

அம்மாள் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளருக்குள் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தேன்.

“அதை நீங்க உபதேசியார்ட்டத்தான் கேக்கணும்,” என்றார் அம்மாள்.

ஐயர் என் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குள் சுடலைமுத்து பேசினார். “ஐயரே, நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க வேதத்துல எனக்குப் பழக்கம் இல்ல. பைய யோசிச்சுப் பதில் சொன்னாப் போதும்.”

“கேளுங்க.”

“இவ வருந்துதேன்னு சொல்லிட்டா, நீங்க சேத்துக்கிடுவிய. நல்லது. அன்னைக்கு இவள நான் சைக்கிள்ல ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வருந்துனவளத்தான கூட்டிட்டு வரணும்? அப்ப நான் யாரு, ஐயரே? இவ செஞ்ச தப்பா? எனக்கு மூணு பிள்ளைய இருக்கு. அதுக யாரு?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நேரே பார்த்துக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார்.

ஐயர் டப்பாவைத் திறந்தார். விரல் துழாவித் துழாவி, நான் அதுவரை பார்த்திராத பெரிய துண்டை எடுத்தது. கன்னம் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் பஸ் ஒன்று போனது. திரும்பியும் வந்தது. அம்மாள் எழுந்து கீரையை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போதும் துண்டு கரையவில்லை. கடைசியில் ஐயர், என் அறிவுக்கு எட்டியவரை முதலும் கடைசியுமாக, அதைக் கடித்துவிட்டார். கடக்கென்று கேட்டது.

“உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியலை, அண்ணாச்சி,” என்றார். “தெரியாத ஒண்ணுக்கு உங்க வீட்டம்மாவை வருந்தச் சொல்ல எனக்கு மனசு இல்லை. அம்மா, அந்தத் தாள் வேண்டாம். முதல் ஞாயிறு முன்னால வந்து நில்லுங்க. உங்களுக்கு எது உண்மையிலேயே பாவம்னு தோணுதோ, எதுக்கு உண்மையிலேயே வருந்துதீங்களோ, அதை மட்டும் உங்க வாயால சொல்லுங்க. மேலிடத்துல யாரும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் அவர் என்னிடம் படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

“உபதேசியாரே, பட்டியல்ல உம்ம பேரையும் நீரேதானே எழுதுதீர்? யோசிச்சு எழுதும்.”

முதல் ஞாயிறு வந்தது. விஷயம் பரவி, திருவிருந்துக்கே வராத ஆட்கள்கூடத் தலைசீவி வந்திருந்தார்கள். தாள் இல்லாமல் நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும் சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஐயர் கண்டுகொள்ளவில்லை. பிரசங்கம் முடிந்தது, பாட்டு முடிந்தது, பிள்ளைகள் வெளியே போனார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போல வெளியே வரவேண்டிய ஞானப்பூ அம்மாள் அன்று எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தார். வெள்ளைச் சேலை. கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தார். ஐயர் முன்னால் போய் நின்று சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“எனக்கு ஒரு பாவம் உண்டு,” என்றார். மைக் இல்லாமலே கடைசிவரை கேட்டது. “இந்த உபதேசியாரைக் கண்டா எனக்கு ஆத்திரம் வரும்.”

பெண்கள் பக்கம் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். எனக்கும் சிரிப்பு வந்தது. பழக்க தோஷம்.

“அந்தா, அந்தச் சிரிப்பைத்தான் சொல்லுதேன்,” என்றார் அம்மாள். சிரிப்பு அடங்கியது. “மாசாமாசம் கதவைத் தெறந்துவிட்டுச் சிரிப்பாரு. நல்ல மனுசன். என் வீட்டுக்கு வந்திருக்காரு, காபி குடிச்சிருக்காரு, எனக்குக் காய்ச்சல்னா ஜெபம் பண்ணியிருக்காரு. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க ஏம்மா வெளிய போறியன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்காமலே சிரிச்சு அனுப்புனாரு. அதனால நான் மனசுக்குள்ள அவரை வெறுத்தேன். பாட்டுப் பாடும்போதும் வெறுத்தேன். ஜெபம் பண்ணும்போதும் வெறுத்தேன். அது பாவந்தான். அதுக்கு வருந்துதேன். உபதேசியாரே, என்னைய மன்னிச்சிருங்க.”

கதவை விட்டுவிட்டேன். காற்றில் அது அடித்துச் சாத்திக்கொண்டது.

முறைப்படி நான் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆலயத்தின் நீளம் எவ்வளவு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நடந்துபோய் அம்மாளுக்குப் பக்கத்தில் நானும் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் வாயில் சிரிப்பு எதுவும் வரவில்லை.

“மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்,” என்றேன். “இந்த அம்மா மனந்திரும்பிட்டாங்கன்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்காம எழுதினேன். ஐயர் கேட்டப்போ, அவங்கதான் பேச்சு மாறினாங்கன்னு பொய் சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவங்களால முடிஞ்சது. காட்டிக்கொடுக்கலை.”

வெட்கத்தில் செத்துப்போவேன் என்று எத்தனை நாளாகப் பயந்தேனோ, அந்த வெட்கம் வந்தது, நின்றது, போனது. அதற்குப் பின்னால் இப்படி ஓர் ஆறுதல் இருக்கும் என்று யாரும் எனக்குப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. ஞானப்பூ அம்மாள் பைய என் பக்கம் சாய்ந்து, “சரி, விடுங்க,” என்றார். அதைவிடச் சுருக்கமான பாவமன்னிப்பை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

ஐயர் இரண்டு பேரையும் பார்த்தார். டப்பாவைத் தேடவில்லை. “வாங்க, பந்திக்கு நேரமாச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

அன்று பட்டியலில் என் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. முந்தின நாள் மாலை பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஐயர் அந்தத் தாளை எடுத்து, கடைசியில் இருந்த ஞானப்பூ என்ற பெயருக்குக் கீழே என் பெயரைத் தன் கையால் எழுதினார். பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அப்பம் கையில் விழுந்ததும் அம்மாள் உடனே வாயில் போடவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பரவாயில்ல, வாசனை அளவுக்கு ருசியும் இருக்கு,” என்று திரும்பிப்போகும்போது என் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு கிருபாபுரத்தில் இருந்த வருடங்களில் நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சும்மா நின்றதில்லை. வெளியே போகிற ஒவ்வொரு பெரிய ஆளையும் அந்த வாரத்துக்குள் வீட்டில் போய்ப் பார்த்து, ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். சிலர் திட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் பசி என்றார், அதுவும் நியாயமான காரணம்தான். பதில் தெரியாத கேள்விகள் நிறைய வந்தன. தெரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். மேலிடத்திலிருந்து ஐயருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது என்றும், அவர் பதிலுக்கு நான்கு பக்கம் எழுதினார் என்றும் கேள்விப்பட்டேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, எனக்கும் ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுத்துப் பேச்சை முடித்துவிட்டார்.

அந்தத் திருவிருந்து ஞாயிறன்று ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். சுடலைமுத்து சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு தயாராக நின்றார். பேப்பர் மடித்தபடியே கேரியரில் இருந்தது, அன்று அதை அவர் விரிக்கவே இல்லை போலிருக்கிறது. நான் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போனேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மனைவி முகத்தைத்தான் பார்த்தார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுட்டு.”

“கொடுத்தாவளா?”

“கொடுத்தாவ.”

அவர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். கேட்பதற்குத் தயங்குவது தெரிந்தது.

“என்னையப் பத்தி என்ன சொன்ன?”

“உங்களப் பத்தியா? ஒண்ணும் சொல்லலை,” என்றபடி அம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். “பாவத்தைத்தான சொல்லச் சொன்னாவ.”